பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய வீதி

புதன்கிழமை காலை டிபன் நேரத்தில், அங்கண்ணன் வீதியை யாரோ வெட்டியெடுத்து பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒட்டும்போது எப்போதும் நடப்பதுதான் நடந்திருந்தது. வரிசை குலைந்துவிட்டது.

தகவல் வந்தபோது கனகமணி அலுவலகத்தில் ஒரு மழையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். போன வாரம் பெய்த மழை. எங்கிருந்தோ எடுத்து வந்து ஒட்டியதில் துளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வந்து சேர்வதையெல்லாம் மேலிருந்து கீழே ஓடும் நேர்ப் பத்திகளாக்கிக் கொடுப்பது அவளுடைய வேலை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு கட்டளை அடிப்பாள். என்டரைத் தட்டுவாள். கலைந்தது நேராகிவிடும். மவுஸைத் தொடமாட்டாள். கேட்டால், வாய்விட்டுச் சொன்னால்தான் எதுவும் கேட்கும் என்பாள்.

மேலாளர் நாச்சிமுத்து அவள் மேசைக்கு வந்து நின்றார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அங்கண்ணன் வீதி கலைஞ்சுபோச்சுங்க."

"எங்கம்மா அங்கதானுங்க இருக்குது."

"தெரியுமுங்க. ஆளுகளை அடையாளம் தெரிஞ்சவங்க போனா நல்லதுன்னுதான் உங்களைக் கூப்பிடறேன்."

கனகமணி மழையை அப்படியே சேமித்துவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள். போகிற வழியில், வீதி இருந்த இடத்தைப் பார்த்தார்கள். அங்கே கர்சர் போல ஒரு சின்ன நிமிர்ந்த கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது.

பஸ் ஸ்டாண்டில் வீதி முழுவதும் ஒரே நீள வரியாகக் கிடந்தது. ஆள், சுவர், ஆள், சுவர், சாமான், சுவர், மறுபடியும் ஆள். பிளாட்பாரத்தில் இடம் போதாமல் வரி மடங்கி, டீக்கடைக்குப் பின்னால் தொடர்ந்தது. மடங்கிய இடத்தில் இருந்தவர் பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக இருந்தார். மேல் பாதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. கீழ்ப் பாதி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

டைம் கீப்பர் வந்தார்.

"பழனி பஸ் வர்றதுக்குள்ள முடிச்சுப்போடுங்க. இல்லாட்டி மொத்தமாத் தேர்ந்தெடுத்து அழிச்சுருவேனுங்க."

"மனுசங்க இருக்காங்களே" என்றாள் கனகமணி.

"தெரியுமுங்க. எங்க அத்தைகூட இருக்குது."

"உங்களுக்கு வருத்தமா இருக்காதுங்களா?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் விசிலை வேட்டி நுனியில் துடைத்தார்.

கனகமணி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் திறந்தாள். அங்கண்ணன் வீதியில் வீடுகளெல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கும். இடது வீடு, நடுவே ஒரு சுவர், வலது வீடு. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு சாமான் அறை. ஆகவே மூன்று பத்திகள் போதும். முதல் பத்தியில் இடது வீட்டு ஆட்கள், இரண்டாவதில் வலது வீட்டு ஆட்கள், மூன்றாவதில் சாமான்கள். சுவர் வருகிற இடத்திலெல்லாம் வெட்டி, அடுத்ததை அடுத்த பத்தியில் வைக்கச் சொன்னால் வேலை முடிந்தது.

"ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஒண்ணை எடுத்துடற கட்டளை ஒண்ணு இருக்குதில்லீங்க, அதையும் போட்டுடலாமா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

வீதியில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். வேண்டாம் என்றாள்.

பத்தியின் அகலம் அதில் உள்ள மிக நீளமானதைப் பொறுத்தது. முதல் பத்தியில் மிக நீளமாக இருந்தது கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த ஒருவர். கனகமணி அவரிடம் போய் எழுந்து நிற்கச் சொன்னாள். அவர் எழுந்து நின்றார். பத்தி குறுகியது.

கட்டளையை அடித்து என்டரைத் தட்டினாள்.

வீதி எழுந்து உடம்பை முறித்துக்கொண்டு நின்றது. சுவர்கள் நேராயின. மடங்கிக் கிடந்தவரின் இரண்டு பாதிகளும் சேர்ந்தன. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். நாச்சிமுத்து ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"பாதி வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி இருக்குதுங்க. அதுக்கப்பறம் எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போயிருக்குது."

கனகமணி போய்ப் பார்த்தாள். தையல்காரர் துரைராஜ் சாமான்கள் பத்தியில் விழுந்து, சுவரில் மாட்டிய கடிகாரமாகியிருந்தார். அவருடைய மீசை பத்தே முக்காலைக் காட்டியது. கீழே அவர் மனைவி மயிலாத்தாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு வலிக்குதுங்களா?" என்று கனகமணி கேட்டாள்.

"கேட்டேன். பத்தே முக்கால்ங்கறாரு." மயிலாத்தாள் முந்தானையால் அவர் கண்ணாடியைத் துடைத்தாள். "நேரம் சரியாத்தான் சொல்றாரு. ஆனா எனக்கு அவரு தப்புத்தப்பா ஏதாச்சும் சொல்லீட்டிருக்கோணும் கண்ணு. அதுதான் பழக்கம்."

அதற்கு முந்தின ஜோடி வீட்டில், ஆட்கள் பத்தியில், ஒரு கிரைண்டர் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. கனகமணியைப் பார்த்து, "சௌக்கியமா?" என்றது. அந்தக் கிரைண்டரை அவளுக்குத் தெரியும். அவள் அம்மாவுடையது.

ஆக, கோளாறு அம்மா வீட்டில்தான்.

அம்மா ரங்கநாயகி கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதே கட்டிலில் அவள் பக்கத்தில் திருமூர்த்தி மாமா உட்கார்ந்து நார் உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். வலது வீட்டுக்காரர். மின்சார வாரியத்தில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப் பல வருடமாயிற்று. கனகமணியின் அப்பாவும் இறந்து பல வருடம். இருவருக்கும் நடுவே இருக்கவேண்டிய சுவர் இல்லை. சுவர் இல்லாததால் கட்டளை இருவரையும் ஒருவராகவே எடுத்துக்கொண்டிருந்தது.

"வா கண்ணு. சாப்டியா?" என்றாள் அம்மா.

"சுவரு எங்கம்மா?"

"ஒட்டறப்ப எங்கியோ விழுந்துபோச்சு."

"எங்க விழுந்துச்சு? எடுத்து வெச்சர்லாம்."

அம்மா அவரைக்காயைப் பார்த்தாள். திருமூர்த்தி மாமா நாரைப் பார்த்தார்.

பின்னாலேயே வந்த நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார். "தேட வேண்டியதில்லீங்க. கீபோர்டுல நிமுந்த கோடு ஒண்ணு இருக்குது. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அதை ஒருக்கா தட்டினா சுவரு வந்துரும். எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போயிருவாங்க."

அது உண்மை. கனகமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இருவருக்கும் நடுவே கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள். விரலை அந்தப் பொத்தானின் மேல் வைத்தாள்.

"ஏங்கண்ணு, கொஞ்சம் பொறு" என்றார் திருமூர்த்தி மாமா. "சுவரு இருந்தப்ப உங்கம்மா அக்கட்ட இருமினா எனக்குக் கேக்கும். சுடுதண்ணி எடுத்துட்டுப் போவேன். முன்னயெல்லாம் என்ற வாசல்ல இருந்து உங்கம்மா வாசலுக்கு நாலு எட்டுதான். வரவர அது நீண்டுபோச்சு. போன மாசம் சொம்பை எடுத்துட்டுக் கெளம்புனவன், நடுவுல ஒரு ஊரு வந்துச்சு, சந்தை நடந்துட்டு இருந்துச்சு, அதைத் தாண்டிப் போய்ச் சேர்றப்ப பொழுது சாஞ்சுபோச்சு."

"தண்ணி ஆறிப்போயிருந்துச்சு" என்றாள் அம்மா. "ஆனாலும் குடிச்சேன்."

கனகமணிக்கு வெட்கமாக இருந்தது.

"தெனமும் போன் பண்றேன். எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்குல கண்ணு. சாப்டியான்னு கேப்ப. மாத்திரை போட்டியான்னு கேப்ப. நான் அதுக்குப் பதில் சொல்லுவேன். நீ வெச்சுருவ."

அது சரிதான் என்று கனகமணிக்குப் பட்டது. அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். கத்தி பிடித்த கை. பக்கத்தில் மாமாவின் கை. நார் உரிப்பதும் நறுக்குவதும் ஒரே தாளத்தில் நடந்துகொண்டிருந்தன. எந்தக் கை யாருடையது என்று சிலசமயம் பிடிபடவில்லை. பத்திகளைப் பிரித்தே பழகிய கண்ணுக்கு அது புதிதாக இருந்தது. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

தூரத்தில் ஹாரன் கேட்டது. பழனி பஸ் மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. டைம் கீப்பர் வீதியின் ஒரு முனையில் நின்று, மொத்தத்தையும் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். அவர் நடக்க நடக்க வீடுகள் ஒவ்வொன்றாக நீல நிறமாயின. அத்தை வீட்டு வாசலில் மட்டும் ஒரு கணம் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அதையும் நீலமாக்கினார்.

"தட்டிருங்க கனகமணிம்மா" என்றார் நாச்சிமுத்து. குரலை உயர்த்தவில்லை. ஆனால் கர்சீப்பை எடுத்துக்கொண்டார்.

கனகமணி கர்சரை இருவருக்கும் நடுவிலிருந்து நகர்த்தினாள். மாமாவைத் தாண்டி, கட்டில் விளிம்பைத் தாண்டிக் கொண்டுபோனாள். அங்கே சாமான்களுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு சுவர் இருந்தது. அதை ஒட்டியே நிமிர்ந்த கோட்டை ஒருமுறை தட்டினாள். இன்னொரு சுவர் எழுந்தது.

"ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் நாச்சிமுத்து.

"ஒண்ணுமில்லைங்கறதையும் ஒரு பத்தியில வெச்சுத்தானுங்க ஆகணும். இடது வீட்ல இவங்க ரெண்டு பேரு. வலது வீட்ல யாருமில்ல. அதுக்கப்பறம் சாமான். கணக்கு சரியா வந்துரும்."

"யாருமில்லாத ஒருத்தரை வீதி ஏத்துக்கோணுமே."

"ஏத்துக்கும்ங்க. எங்க வீதி."

என்டரைத் தட்டினாள்.

கிரைண்டர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சாமான் அறைக்குப் போனது. துரைராஜ் ஆணியிலிருந்து இறங்கி, அடிக்க வேண்டிய மணியில் பாதியை விழுங்கிவிட்டு, மயிலாத்தாளிடம் இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே என்று கேட்டார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்றாள். அங்கிருந்து கடைசி வீடு வரை எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து, அவரவர் வாசலில் நின்றார்கள். நீலம் வடிந்தது.

பழனி பஸ் உள்ளே வந்தது. முதல் பத்திக்கும் இரண்டாவது பத்திக்கும் நடுவே இருந்த சந்தில், எதன் மேலும் உரசாமல், நேராகப் போய் அதன் இடத்தில் நின்றது. டிரைவர் இறங்கித் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருச சர்வீஸில் இப்படி ஒரு சந்தில் ஓட்டியதில்லை என்றார். டைம் கீப்பர் விசிலை ஊதினார். பிறகு அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மதியம் நாச்சிமுத்து வீதியை அலுங்காமல் வெட்டியெடுத்து, மின்னிக்கொண்டிருந்த கோட்டின் மேல் ஒட்டினார். இந்தமுறை எதுவும் கலையவில்லை. கனகமணி அலுவலகம் திரும்பி, மிச்ச மழையை முடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தாள். சாப்டியா என்று கேட்கவில்லை. "என்னம்மா நடக்குது அங்க?" என்றாள்.

"அவரைக்காய்ப் பொரியல் மிஞ்சிப்போச்சு. ஒரு கிண்ணத்துல போட்டுப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வந்தேன். மாமாதான் குடுக்கச் சொன்னாரு."

"வலது வீட்லயாம்மா?"

"ஆமா. இப்பத்தான் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க. சும்மா குடுக்கக்கூடாதுன்னு உள்ள ரெண்டு எலுமிச்சம்பழம் வேற."

"அங்க யாரும்மா இருக்காங்க?"

"யாருமில்ல கண்ணு. ஆனா நல்ல மாதிரி. உன்னையக்கூட விசாரிச்சாங்க."

கனகமணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நானும் விசாரிச்சேன்னு சொல்லும்மா" என்றாள்.