சனிக்கிழமைகளின் அமைதி

காரைப் பின்னால் எடுக்கும்போது கணவர் ஜன்னலை ஒட்டி எதையோ சொல்லிக்கொண்டே கூட நடந்து வந்தார். கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. இருந்தாலும் அவளுக்கு விஷயம் தெரியும். தண்ணீர் எடுத்தாயா, போனில் சார்ஜ் இருக்கிறதா, ஏறுமுன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை கூப்பிட வேண்டும். ஆறு வருடமாக, சனிக்கிழமை காலை ஆறரை மணி என்றால் இதே பாட்டுதான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுத் தெருமுனையில் திரும்பினாள். அவர் பனியனோடு வாசலில் நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார், யாரிடம் என்று தெரியவில்லை.

அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். தங்கமான மனிதர், வாய்தான் மூடாது. கழற்றிப் போட்ட கம்ப்ரசரிடம்கூட நலம் விசாரித்துக்கொண்டே வேலை செய்வார். மகன் வேலை கிடைத்து வெளியூர் போன வருடம், வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதே என்று இருவருமாக ஒரு மலைக்குப் போனார்கள். ஏறும்போது கேஸ் கசிவைப் பற்றிப் பேசினார். இறங்கும்போது கேஸ் கசிவை ஒப்புக்கொள்ளாத வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த மலையில் மரம் இருந்ததா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை. அடுத்த வாரம் நான் தனியாகப் போகிறேன் என்றாள். வீட்டில் ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பொம்பளை, ஐம்பதை நெருங்கும் வயது, ஆளில்லாத காடு என்று அடுக்கினார். கடைசியில் அவரே வழிக்கு வந்தார்.

“சரி, போ. உனக்குப் பாம்புக் காது. எவன் பின்னாடி வந்தாலும் பத்தடி முன்னாடியே தெரிஞ்சிடும். அந்த ஒரு தைரியத்துலதான் விடறேன்.”

அந்தக் காதுக்கு ஊரில் பேரும் இருந்தது. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், கனத்த கதவு போட்ட கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் காதைச் சோதிக்கிறவள் அவள். காதுக்காரம்மா என்று கேட்டால் வாட்ச்மேன் நேராக லிஃப்டைக் காட்டுவார். வருகிறவர்களில் பாதிப் பேர் கத்திப் பேசுவார்கள். கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதற்கு மேல் கத்துவார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, இவள்தான் முணுமுணுக்கிறாள் என்று பெண்டாட்டியைக் கைகாட்டாத கணவர் இன்றுவரை வந்ததில்லை. அவள் சிரித்த முகத்தோடு, காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் தாளைத் திருப்பி வைத்து, இந்தக் கோடு இங்கே சரிகிறது பாருங்கள் என்பாள். சிலர் அழுதுவிடுவார்கள். சிலர் மிஷின் சரியில்லை என்பார்கள். ஐந்து நாள் இதையே கேட்டுக் கேட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலை கனத்துப்போயிருக்கும். இன்னும் ஒரே ஒரு மனிதக் குரலைக் கேட்டாலும் தாங்க முடியாது என்று தோன்றும். சனிக்கிழமை மட்டும் இல்லாவிட்டால் அவள் என்றோ வேலையை விட்டிருப்பாள், அல்லது கணவரை.

ஒன்றரை மணி நேர ஓட்டம். கடைசி முக்கால் மணி நேரம் சாலை வளைந்து வளைந்து ஏறும். சரளை கொட்டிய காலி இடத்தில் காரை நிறுத்தி, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டி, ஒரு போன் பேசிவிட்டு நடக்க ஆரம்பித்தால் உச்சி வரை நாலு கிலோமீட்டர். அன்றைக்கும் அவள்தான் முதல் ஆள். முதல் ஆளாகப் போகிறவர்களுக்குத்தான் சிலந்தி வலை முகத்தில் ஒட்டும். அதைத் துடைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. பாதையின் குறுக்கே ஓடிய வேர்களை மிதிக்காமல் தாண்டினாள். ஓடையில் தண்ணீர் குறைந்து கற்களின் முதுகு காய்ந்திருந்தது. ஒரு பாறையின் நிழல் பக்கம் பாசியும் வெயில் பக்கம் எறும்பு வரிசையும் இருந்தன. அந்த எறும்புகள் எங்கே போகின்றன என்று பார்க்க அவள் தாராளமாகப் பத்து நிமிடம் செலவு செய்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இந்த மலை வருடத்துக்கு வருடம் அமைதியாகிக்கொண்டே வருகிறது என்பது அவளுடைய எண்ணம். முதல் வருடம் குருவிகளும் பூச்சிகளும் போட்ட கூச்சல் நினைவிருந்தது. இப்போதெல்லாம் மேல் வளைவைத் தாண்டிப் புல்வெளி வந்துவிட்டால் தன் மூச்சும், ஷூ சரளையை அரைக்கிற சத்தமும், எப்போதாவது காற்றும்தான். பூச்சிகள் குறைந்துகொண்டே வருகின்றன என்று பேப்பரில் படித்திருந்தாள். பாவமாக இருந்தது. சுயநலமாக, நிம்மதியாகவும் இருந்தது.

உச்சியிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தபோது, புல்வெளி ஓரத்துப் பாறையில் ஒரு பெரியவர் ஷூவைக் கழற்றி வைத்துக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ஷூ புத்தம் புதிது. வழிமறிப்பது போல் கையைத் தூக்கினார்.

“ஏங்க, இங்க பக்கத்துல எங்கயாவது மிஷின் ஓடுதா?”

“மிஷினா? இங்க ஒரு கரண்ட் கம்பிகூடக் கிடையாதே.”

“ஙொய்னு ஒரே சத்தம். அந்த வளைவு தாண்டினதுலேருந்து விட மாட்டேங்குது.”

அவள் நின்று காது கொடுத்தாள். புல் அசைந்தது. வேறு ஒன்றுமில்லை. அவளுக்குள் இருந்த காதுக்காரம்மா லீவு நாள் என்றும் பாராமல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு எதுவும் கேக்கலியே. உங்களுக்கு ஒரு காதுலயா, ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்தான்.”

“என்ன வேலை பாத்தீங்க?”

“ரெடிமேட் கம்பெனில துணி வெட்டுற வேலை. நாப்பது தையல் மிஷின் ஓடுற ஹால். முப்பத்தொரு வருஷம்.”

அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தான் யார் என்பதைச் சொல்லி, வழக்கமான குரலில் நிதானமாக விளக்கினாள். இதற்குக் காது இரைச்சல் என்று பெயர். வெளியே சத்தம் எதுவும் கிடையாது, காதே போடுகிற சத்தம். வருடக்கணக்கில் மிஷின் நடுவில் நின்றவர்களுக்கு வருவதுதான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது. பையிலிருந்து தன் ஆஸ்பத்திரி கார்டை எடுத்து, செவ்வாய்க்கிழமை பத்து மணி என்று பின்னால் எழுதிக் கொடுத்தாள்.

அவர் கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “குணமாயிடுமா?”

“பழகிடும்.”

“படுக்கும்போதும் கேக்குமா?”

“அப்பதான் கொஞ்சம் கூடுதலா கேக்கும்.”

அவர் கார்டைச் சட்டைப் பையில் வைத்தார். “மிஷின் சத்தம் இனி போதும்னுதாங்க போன மாசம் வேலையை விட்டேன்” என்றார்.

அந்த நேரம் வளைவில் ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவருடைய மகள் என்று மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு காதையும் கையால் பொத்தியிருந்தாள்.

“அப்பா, என்னமா கத்துது இந்தப் பூச்சிங்க. புல்லு முழுக்க இதுங்கதான் போல. காதே வலிக்குது.”

பெரியவர் மகளைப் பார்த்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எது சரி என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்கிற பார்வை. சொல்லியிருக்கலாம். அவள் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“பூச்சியும் இருக்குதான். இருந்தாலும் செவ்வாக்கிழமை ஒரு தடவை வந்து பாத்துடறது நல்லது.”

“அவங்க காது டாக்டரும்மா” என்றார் பெரியவர் மகளிடம். அவள் டாக்டர் இல்லை. அதையும் திருத்தவில்லை.

வேகமாக இறங்கினாள். முதல் திருப்பத்தில் அவர்கள் பார்வையிலிருந்து மறைந்ததும் நின்று, தலையைச் சாய்த்து இடது காதைப் புல் பக்கம் வைத்தாள். பிறகு வலது காதை. விரல் நீளம்கூட இல்லாத ஒரு பூச்சி ஒரு தண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. இறக்கைகள் நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. குனிந்து முகத்தை அதன் பக்கத்தில் கொண்டு போனாள். அமைதி. ஆறு வருடமாக அவள் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்து அள்ளிக்கொண்டு போன அதே அமைதி.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தினமும் காலையில் ஆஸ்பத்திரியில் வேலைக்கு முதலில் வருகிறவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கனத்த கீழ்ச் சத்தம் முதல் கீச்சென்ற மேல் சத்தம் வரை மிஷின் ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு மேல் சத்தம் வரவில்லை என்று அவள் ஹெட்ஃபோனைக் கம்பெனிக்கு அனுப்பினாள். பழுது எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி பழுது இல்லை. மூன்றாம் தடவை போனில் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். அதற்குப் பிறகு காலைச் சோதனையைத் தன்னோடு வேலை பார்க்கிற சின்னப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள். எனக்கு ரிப்போர்ட் எழுத இருக்கு, நீ கேட்டுடும்மா. ஏன் தள்ளினாள் என்று தன்னையே ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் இதே பாதையில் ஒரு சைக்கிள்காரன் தோளை உரசிக்கொண்டு போய் நின்றான். “எவ்வளவு நேரமா மணி அடிக்கறேன், காது கேக்கலையா?” என்று கத்தினான். யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய் என்று அவள் அவனைப் பிடிபிடி என்று பிடித்தாள். பாவம், அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

இருபத்தாறு வருடம் எத்தனை பேரிடம் இந்தக் கோடு இங்கே சரிகிறது என்று காட்டியிருப்பாள். தன் கோடு சரிகிற சத்தம் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் பயமாக இருந்தது. காதுக்கு மிஷின் மாட்டிக்கொள்ளலாம், வேலையும் ஒன்றும் போகாது, பயம் அதற்கல்ல. பாம்புக் காது போய்விட்டது என்று வீட்டில் சொன்ன நிமிடமே கணவர் ஷூ வாங்கக் கிளம்பிவிடுவார். அடுத்த சனிக்கிழமை அவளோடு சேர்ந்து ஏறுவார். ஓடையிலும் பேசுவார், உச்சியிலும் பேசுவார், அன்பினால்தான் பேசுவார். அவர் குரல் கீழ்க்குரல், அது கடைசிவரை நன்றாகக் கேட்கும்.

கீழே வந்து காருக்குள் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தாள்.

“இறங்கியாச்சா? மலை எப்படி இருந்துச்சு?”

ஒவ்வொரு வாரமும் சொல்கிற பதில் ஒன்று இருந்தது. “ரொம்ப அமைதியா இருந்துச்சுங்க” என்றாள்.

“அதான் வேணும் உனக்கு. சரி, பாத்து வா.”

சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. அப்பாவும் மகளும் பாதை முடிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மகள் முன்னால் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். பெரியவர் பின்னால் வந்தார். நாலு எட்டு வைப்பதும், நின்று ஒரு காதை விரலால் அடைப்பதும், எடுப்பதும், தலையை உதறுவதுமாக வந்தார். சட்டைப் பையில் கார்டின் வெள்ளை முனை தெரிந்தது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று ராத்திரி இருக்கிறது என்று அவள் மனசு கணக்குப் போட்டது. மூன்று ராத்திரியும் இந்த மனிதர் படுக்கையில் இல்லாத சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடப்பார். கதவைத் திறந்து இறங்கினாள்.

“ஐயா, அந்தக் கார்டைக் குடுங்க.”

அவர் புரியாமல் எடுத்துக் கொடுத்தார்.

“உங்க காதுல ஒண்ணுமில்ல. நல்ல காது. பூச்சி கத்தறது பூச்சி கத்தறதுதான். எனக்குத்தான் கேக்கல. கொஞ்ச நாளாவே கேக்கல போல. எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

இதை அவள் உலகத்திலேயே முதன்முதலாகச் சொன்னது, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம். பெரியவரின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை அடக்கிக்கொள்ள அவர் பட்ட பாடு அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மகள் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

“வீட்ல தெரியுமாங்க?” என்றார் பெரியவர்.

“இல்ல.”

“சொன்னா தனியா விட மாட்டாங்களோ?”

“விட மாட்டாரு.”

“நானா இருந்தாலும் விட மாட்டேன்” என்றார் அவர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று மகளைப் பார்த்தார்.

கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி முழங்கால் உயரம் புல் நின்றது. மகள் அந்தப் பக்கம் கைகாட்டி, இங்கேயும்கூடக் கத்திக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். அவள் திரும்பிப் பார்த்தாள். கிளம்பத்தான் வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

“எனக்கு ஒரு உதவி பண்ணுங்க” என்றாள் பெரியவரிடம். “அங்க போய் நின்னுக்குங்க. பூச்சி சத்தம் கேக்கும்போது கையைத் தூக்குங்க. சத்தம் நின்னா இறக்கிடுங்க.”

காதுச் சோதனைக்கு வந்த எத்தனையோ ஆயிரம் பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி புல்லருகே போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய வலது கை மெல்ல மேலே போனது. புல் அசையவில்லை, காற்றும் இல்லை. கை மேலேயே இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கை இறங்கியது. அது இடுப்புக்கு வருவதற்குள் மறுபடி உயர்ந்தது.