உயிரியல் வகுப்பில் கடைசி இடம்

கல்லூரியில் புது மாணவர்களை வரவேற்கும் மேஜையில் இருந்த பெண், டேனெட் ஹோல்மை ஏற இறங்க ஒரு முறை பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிற அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். அதில் 'பெற்றோர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. டேனெட்டுக்கு வயது நாற்பத்தேழு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் காப்பி பிளாஸ்க், தோளில் ஒரு குடும்பமே இரண்டு நாள் தங்கும் அளவுக்குப் பை. "இல்லம்மா, நான் வந்து..." என்று அவள் தொடங்குவதற்குள் பின்னால் வந்த ஆரஞ்சு அட்டைக் கூட்டம் அவளையும் சேர்த்து அரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகள் கூட்டமாக இருந்தால் ஓர் அதட்டலில் நிறுத்தியிருப்பாள். பெற்றோரை அதட்டிப் பழக்கமில்லை.

உள்ளே மேடையில் ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள், அழுகை வந்தால் அழுதுவிடுங்கள் என்றார். வரிசை வரிசையாக டிஷ்யூ பெட்டி கைமாறி வந்தது. டேனெட்டுக்குப் பக்கத்தில் விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு மகனா, மகளா?" என்று கேட்டார்.

"நான்தான்."

"என்னது?"

"நான்தாங்க படிக்க வந்திருக்கேன். தெரியாம இங்க கொண்டாந்து விட்டுட்டாங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவள் மடியிலிருந்த டிஷ்யூ பெட்டியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப இது ஒங்களுக்குத் தேவப்படாது. சீக்கிரம் ஓடுங்க, பசங்க எல்லாம் வகுப்புக்குப் பேரு குடுக்கப் போயி அர மணி நேரம் ஆச்சு."

டேனெட் ஓடினாள். அயோவாவின் ஜூலை வெயிலில், நாற்பத்தேழு வயதில், பிளாஸ்க்கோடு ஓடினாள்.

அவள் ஓடியதற்குக் காரணம் இருந்தது. நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று பதினெட்டு வயதிலேயே முடிவு செய்தவள். அந்த வருடம் அப்பாவுக்கு முதுகு ஆபரேஷன். சரி, அடுத்த வருஷம் என்றாள். அப்புறம் கல்யாணம், அப்புறம் மகன், அப்புறம் மகனின் படிப்பு. ஒவ்வொரு முறையும் அடுத்த வருஷம். இப்படியே இருபத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. மகன் படித்து முடித்து டென்வரில் வேலைக்கே போய்விட்டான். கொட்டகைக்கு எப்போது பெயின்ட் அடிப்பாய் என்று அவள் புருஷன் ராட்னியைக் கேட்டால், "ஒன் காலேஜ் மாதிரிதான், அடுத்த வருஷம்" என்பான். அவன் விளையாட்டுக்குத்தான் சொல்வான். அவளுக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றிருக்கும்.

கம்ப்யூட்டர் அறையில் நாற்பது பிள்ளைகள் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் ஃபென்விக் ஒல்லியான மனிதர். வரிசைக்கு வரிசை தாவிக்கொண்டிருந்தார். டேனெட் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். காலை எட்டே முக்காலுக்கு பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்துவாள். மதியம் இரண்டே காலுக்கு மறுபடி எடுக்க வேண்டும். வீட்டுக்கே மருத்துவக் காப்பீடு அந்த பஸ் வேலையில்தான் ஓடுகிறது. அதை விட முடியாது. நடுவில் கிடைக்கும் நேரத்தில் படிக்க வேண்டும்.

"மத்ததெல்லாம் எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்றார் ஃபென்விக். "உயிரியல் மட்டும் இப்பவே எடுத்துருங்க. அது ஆகஸ்ட்டுல மட்டும்தான் ஆரம்பிக்கும். அத முடிக்காம நர்சிங்ல ஒண்ணையும் தொட முடியாது. விட்டா அடுத்த வருஷம்தான்."

அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் டேனெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குள் தலையை விட்டாள். உயிரியலில் ஆறு பிரிவுகள். ஐந்து, அவள் பஸ்ஸில் இருக்கும் நேரத்தில் நடந்தன. ஒன்றே ஒன்று, ஒன்பதரைக்கு. சோதனைக்கூடம் செவ்வாய் பதினொன்றுக்கு. அவளுக்காகவே தைத்த சட்டை போல இருந்தது. இன்னும் நான்கு இடம் மிச்சம் என்று பச்சை எழுத்தில் காட்டியது. அதைச் சொடுக்கினாள். 'உங்கள் கூடையில் சேர்க்கப்பட்டது' என்று வந்தது.

சேர்ந்தாயிற்று. டேனெட் நாற்காலியில் சாய்ந்து ஒரு மூடி காப்பி ஊற்றிக் குடித்தாள். இருபத்தொன்பது வருடம் இழுத்த விஷயம் ஒரு சொடுக்கில் முடிந்துவிட்டதே என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பக்கத்துப் பையனின் திரையில் கண் போய்விட்டது.

"தம்பி, பத்து இருவதுக்கு இந்தக் கட்டடத்துல முடியுது. பத்தரைக்கு அந்தக் கோடியில அடுத்த வகுப்பு. எப்பிடிப் போவே?"

"நடந்துதான்."

"நடுவுல ரயில் தண்டவாளம் இருக்கு. பத்து இருவத்தஞ்சுக்கு மக்காச்சோளம் ஏத்துன சரக்கு ரயில் வரும். நூத்திப் பத்துப் பெட்டி. நீ அந்தப் பக்கம் போறதுக்குள்ள பாடத்துல பாதி முடிஞ்சிரும்."

பையன் வாயைப் பிளந்தான். ஐந்து நிமிடத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. எந்தக் கட்டடத்திலிருந்து எதற்கு எவ்வளவு நேரம், எங்கே சாப்பிட இடைவெளி விடுவது, வெள்ளிக்கிழமை மதியம் எவன் வகுப்புக்குப் போவான் என்று அவள் வெளுத்து வாங்கினாள். ஒரு பெண் குறிப்பே எடுத்துக்கொண்டாள். நேர அட்டவணை போடுவதில் தன்னை மிஞ்ச இந்த மாவட்டத்தில் ஆளில்லை என்று டேனெட்டுக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அன்றைக்கு அது உச்சிக்கு ஏறி உட்கார்ந்திருந்தது.

இருபது நிமிடம் கழித்து ஃபென்விக் வந்தார். கையில் ஒரு பட்டியல். "டேனெட், நீங்க இன்னும் ஒண்ணுலயும் சேரலியே?"

"சேந்துட்டேனே. கூடையில போட்டுட்டேன்."

"கூடையில போட்டா வாங்குனதா ஆயிருமா? கடையில கூடையோட வீட்டுக்குப் போயிருவீங்களா? கீழ 'சேர்க'ன்னு ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, அத அமுக்கணும்."

அவள் அமுக்கினாள். 'இந்தப் பிரிவு நிரம்பிவிட்டது' என்று வந்தது. இன்னொரு முறை அமுக்கினாள். அதே பதில், இம்முறை சிவப்பில்.

"ஒரே ஒரு நாற்காலி போட முடியாதா? நான் நின்னுக்கிட்டே கூடப் படிப்பேன்."

"சோதனைக்கூடத்துல இருவத்திநாலு பேருக்குத்தான் இடம். தீயணைப்புச் சட்டம். என் கையில இல்ல." அவர் நல்லவர், குரலைத் தாழ்த்தி ஆறுதலாகத்தான் சொன்னார். "பதிவு பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிரும். அது வரைக்கும் பாருங்க, யாராவது விட்டாலும் விடலாம். இல்லன்னா என்ன, அடுத்த வருஷம்..."

டேனெட் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸைத் தவறவிட்டவளை என்னவென்று சொல்வது? தன் மீதே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மணி பதினொன்று ஐம்பது.

"மிஸ் டேனெட்."

பின் வரிசையில் நெடுநெடுவென்று ஒருவன். தாடி என்று சொல்லிக்கொள்ள நாலு முடி. ஆனால் அந்தக் காதுகளை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுவிடுவாள். பஸ் ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் இருக்கும் பெரிய கண்ணாடியில் வருடக்கணக்கில் பார்த்த காதுகள்.

"கோல்பி ரென்ஷா!"

"ஞாபகம் இருக்கா? பரவால்லியே. முன் சீட்டுல ரெண்டு வருஷம் உக்கார வெச்சீங்களே, அதே கோல்பிதான்."

"ஏன் வெச்சேன்னும் ஞாபகம் இருக்கு."

"அந்த ஒன்பதரை உயிரியல் ஒங்களுக்கு வேணுமாமே?" அவன் தன் திரையை அவள் பக்கம் திருப்பினான். கடைசி இடத்தில் அவன் பெயர் இருந்தது. "கடைசியா சேந்தது நான்தான். எனக்கு ஏதாவது ஒரு அறிவியல் பாடம் இருந்தாப் போதும். அதே நேரத்துக்குப் பாறை பத்தி ஒண்ணு இருக்கு. மாத்திக்குவேன்."

டேனெட் நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள். "மாத்திக்கோயேன், ராசா."

"மாத்துறேன். ஒரு மன்னிப்பு கேளுங்க."

"எதுக்கு?"

"தவளைக்கு."

ஆறு வருடத்துக்கு முன்னால் ஓடும் பஸ்ஸில் யாரோ ஒரு தவளையை அவிழ்த்து விட்டார்கள். அது ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் சாப்பாட்டுப் பெட்டியில் போய்க் குதித்தது. அவள் போட்ட கூச்சலில் டேனெட் பிரேக் போட, பஸ் சோளக் காட்டு ஓரத்தில் சாய்ந்து நின்றது. அன்றைக்கே கோல்பிக்கு முன் சீட்டு.

"நான் விடலன்னு நூறு தடவ சொன்னேன். நீங்க கேக்கல" என்றான் கோல்பி. "ஏழாவது படிக்கிற பையன் ரெண்டு வருஷம் ஒண்ணாங்கிளாஸ் பாப்பாங்களோட உக்காந்து வந்தேன் மிஸ். பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் எனக்குத் தவளைன்னுதான் பேரு. பட்டம் வாங்க மேடை ஏறுறேன், பின்னாடி எவனோ கத்துறான், க்ரோக் க்ரோக்னு."

டேனெட் அவனைப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்ணாடியில் அன்றைக்கு அவள் கண்டது அவள் கண் முன்னால் நின்றது: கடைசி வரிசை, ஒரு ஷூ டப்பா, அதன் மூடியைத் திறக்கும் கை, கைக்கு மேலே இரண்டு காதுகள். அதில் துளி சந்தேகம் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் அவள் மன்னிப்பு கேட்டதில்லை. தப்புச் செய்த பிள்ளையிடம் கேட்பது என்றால், நாளைக்கு எந்த முகத்தோடு அந்தக் கண்ணாடியைப் பார்ப்பது?

மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"சரி. மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தாள்.

"இப்பிடி இல்ல. முன் சீட்டுக்கு வரச் சொன்னப்ப மைக்குல சொன்னீங்க. பஸ்ஸே கேட்டுச்சு."

டேனெட் எழுந்து நின்றாள். பஸ்ஸின் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் இங்க கவனிங்க! ஆறு வருஷத்துக்கு முன்னாடி என் பஸ்ஸுல தவளைய விட்டது இந்தக் கோல்பி ரென்ஷா இல்ல! நான் தப்பா தண்டிச்சிட்டேன்! அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கிறேன்! இனிமே இவன யாரும் தவளைன்னு கூப்புடக் கூடாது!"

அதுவரை அவனை அப்படிக் கூப்பிட வேண்டும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒரு கணம் எல்லோரும் விழித்தார்கள். யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். ஃபென்விக்கும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்.

"போதுமா?"

"போதும்" என்றான் கோல்பி. அவன் காது சிவந்திருந்தது. "ஆனா ஒண்ணு. நான் விட்ட அடுத்த நொடியே இடம் காலின்னு எல்லாருக்கும் காட்டும். முன்னால இருக்கே, ரோஸ் கலர் முடி, அது காலையிலேருந்து அந்த வகுப்புக்குத்தான் ரொட்டிக்குக் காத்திருக்கிற நாய் மாதிரி ஒக்காந்திருக்கு. நான் மூணு சொல்லும்போது நீங்க அமுக்கணும். கூடையில இல்ல மிஸ், பொத்தான!"

"தெரியும்டா, எண்ணு!"

"ஒண்ணு. ரெண்டு. மூணு!"

டேனெட் அமுக்கினாள். மேஜைக்கு அடியில் அவள் வலது கால் தன்னாலே பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. 'நிச்சயமாகச் சேர விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. "இத்தன வருஷம் கழிச்சு இப்பக் கேளு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆம்' என்பதில் குத்தினாள்.

முன்னால் ரோஸ் முடிப் பெண் "சே!" என்று மேஜையைத் தட்டினாள். டேனெட்டின் திரையில் பச்சை எழுத்தில் வந்தது: 'டேனெட் ஹோல்ம், சேர்க்கப்பட்டார்.'

அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்துகள் கலங்கின. கழுத்தில் தொங்கிய ஆரஞ்சு அட்டையைக் கழற்றி, அதன் முனையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தொப்பிக்காரரிடம் ஒரு டிஷ்யூவாவது வாங்கி வந்திருக்கலாம் என்று தோன்றியது.

கோல்பி பாறைப் பாடத்தில் சேர்ந்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான். இரண்டடி போனான். திரும்பி வந்தான். தலையைச் சொறிந்தான்.

"மிஸ், ஒண்ணு சொல்லணும். அந்தத் தவளைய... நான்தான் விட்டேன்."

"தெரியும்டா. கண்ணாடியில பாத்தேனே."

"தெரிஞ்சேவா அத்தன பேர் முன்னாடி மன்னிப்பு கேட்டீங்க?"

டேனெட் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"இருவத்தொம்பது வருஷம்டா கோல்பி. நீ கேட்டிருந்தா, அந்தத் தவளைகிட்டயும் கேட்டிருப்பேன்."