இடது காதருகே நிற்பவர்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் சேர வரும் மாணவர்களின் காதைத்தான் நாங்கள் முதலில் சோதிப்போம். இந்த விதியைப் போட்டவர் என் கணவர் துர்தகுன். ஓஷ் நகரத்து மருத்துவக் கல்லூரியில் அவர் பிரிவுத் தலைவர், நான் அவருக்குக் கீழே ஆசிரியை. வீட்டில் யாருக்குக் கீழே யார் என்பது வேறு கதை.

சோதனைக்கு இயந்திரம் வேண்டாம். தாழ்வாரத் தரையில் ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒன்றில் மாணவர் பக்கவாட்டில் திரும்பி நிற்பார். துர்தகுன் அவரை ஒட்டி நின்று மறு காதை விரலால் அடைப்பார். நான் எதிர்க் கோட்டில் நின்று, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, உள்ளே மிச்சம் கிடக்கிற காற்றில் ஒரு சொல்லைக் கிசுகிசுப்பேன். மாணவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பனிக்காலத்தில் துர்தகுன் போய்விட்டார். எங்கள் ஊரில் செத்தவர்களுக்காக வியாழக்கிழமைதோறும் எண்ணெயில் மாவு பொரிப்பார்கள். அந்த வாசம்தான் அவர்களுக்குச் சாப்பாடு. நான் பொரிக்கவில்லை. பக்கத்து வீட்டு ராபியா வாசலில் வந்து நின்று திட்டினாள்.

"டாக்டருக்குப் படிச்சா புருஷனைப் பட்டினி போடலாமா?"

"செத்தவருக்கு ஏதுடி வயிறு? போய் உன் வேலையைப் பாரு" என்று கதவைச் சாத்தினேன்.

வசந்தத்தில், சேர்க்கைத் தேர்வுக்கு முன்னால் பயிற்சிக்காக மேரிம் என்ற மாணவி வந்தாள். நல்ல கை அவளுக்கு. மூக்குக்குள் கருவியை விட்டால் குழந்தைகூட அழாது. ஆனால் இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எனக்குப் பொறி தட்டியது. இசைக்கவையைத் தட்டி அவள் நெற்றியில் வைத்தேன்.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம், எஜே." அக்கா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

இடது காதருகே பிடித்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதோட போச்சு."

"தெரிஞ்சேதான் இங்க வந்தியா? பேசாம பல்லு பிடுங்கப் போயிருக்கலாமே."

"எனக்கு இந்தப் படிப்புதான் வேணும், எஜே. கோட்டுல நிக்க வைச்சுப் பாருங்க. இடது காதும் கேக்கும்."

திமிரைப் பார் என்று எரிச்சல் வந்தது. நிற்க வைத்தேன். சாவி கொடுத்தால் கடகடவென்று இரையும் சின்னப் பெட்டியை வலது காதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது இரையும்போது அந்தக் காதுக்குள் வேறு எதுவும் நுழையாது. எதிர்க் கோட்டுக்குப் போய்க் கிசுகிசுத்தேன்.

"உப்பு" என்றாள். "குதிரை" என்றாள். "மழை" என்றாள். எல்லாம் சரி.

அடுத்த முறை வாயையே திறக்காமல் நின்றேன்.

"பசிக்குது" என்றாள் மேரிம்.

கிட்டே போய்ப் பெட்டியைப் பிடுங்கினேன். "நான் ஒண்ணும் சொல்லலையேடி."

"நீங்க சொல்றது எனக்கு எப்பவுமே கேக்கலை, எஜே. இந்தக் கோட்டுல நின்னா பக்கத்துல ஒருத்தர் வந்து நிக்கிறாரு. நீங்க சொல்றதை என் காதுல திருப்பிச் சொல்றாரு. நீங்க சும்மா இருந்தா இதைச் சொல்றாரு. மூச்சே மிச்சமில்லாத குரல். அவர் விரல்ல மென்தால் வாசம்."

துர்தகுனின் விரல் வாசம் அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவி, மனுஷரைப் பசியோடு நிற்க வைத்திருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை வரட்டும், கூடை நிறையப் பொரிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மேரிம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு வருது, எஜே. நீங்க பொரிச்சா அவர் போயிடுவாரு. அப்புறம் எனக்கு இடம் கிடைக்காது. ஒரு வாரம் பொறுங்க."

"செத்த மனுஷனைப் பட்டினி போடச் சொல்றியா?"

"இத்தனை மாசம் நீங்கதான போட்டீங்க?"

அந்த வியாழக்கிழமை நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மறுநாள் குழுவின் முன்னால் இரண்டு காதும் ஆறு மீட்டர் என்று தேறிவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மாவும் எண்ணெயும் தூக்கிக்கொண்டு அவளே என் வீட்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பொரிங்க, எஜே. இப்ப கோடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க போனாலும் கூடவே வர்றாரு. வலது காதைத் தலையணையில அழுத்திப் படுத்தா உலகத்துல வேற சத்தமே இல்லை. அவர் மட்டும்தான். என்னால முடியலை."

மாவைப் பிசைந்து துண்டு போட்டேன். இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தேன். மேரிம் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டாள். முதல் துண்டைக் கையில் எடுத்த நான், எண்ணெய் காய்வதற்குள் கேட்டுவிட்டேன்.

"இப்ப என்ன சொல்றாரு?"

அவள் தலையைச் சாய்த்தாள். "உங்க பேரைச் சொல்றாரு. 'ஜூரா, பசிக்குது'ங்கிறாரு."

பனிக்காலத்துக்குப் பிறகு என்னை யாரும் வெறுமனே ஜூரா என்று கூப்பிட்டதில்லை. கல்லூரியில் எல்லாருக்கும் நான் எஜே. ராபியாவுக்கு நான் டாக்டரம்மா.

அடுப்பை அணைத்தேன்.

"எஜே, என்ன பண்றீங்க?"

"அடுத்த வாரம்."

அவள் அழுதாள். என் காலைக்கூடப் பிடித்தாள். நான் மாவைத் துணி போட்டு மூடி வைத்தேன்.

இப்போது ஆப்பிள் காய்க்கும் காலம் வந்துவிட்டது. வியாழக்கிழமைதோறும் மேரிம் வருகிறாள், இன்றைக்காவது பொரிப்பேன் என்று. நானும் மாவு பிசைகிறேன், எண்ணெய் ஊற்றுகிறேன். பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்து, வலது காதை என் விரலால் அடைத்துக்கொண்டு, சொல்லு என்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள். இன்னொரு தரம் என்கிறேன்.