பக்கத்து அறையில் இருந்த அம்மா

மருந்து சோதனை தொடங்கிய நான்காவது வாரத்தில், ரொட்டிக் கம்பெனியில் அடுப்படி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் ஞாபகம் மொத்தமும், பக்கத்து அறையில் அதே சோதனைக்கு வந்துகொண்டிருந்த பஸ் டிரைவருக்குப் போய்ச் சேர்ந்தது. டிரைவருடைய ஞாபகம் அந்த அம்மாவுக்கு வந்தது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. லிஃப்ட் ஒன்று பழுதாகி நின்றிருந்தது, இரண்டாம் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

சோதனை மறதி நோய்க்கான ஒரு புது மாத்திரையைப் பற்றியது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கே தெரியாது. எங்கோ வேறு ஊரில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். தெரிந்துவிட்டால் மனசு சும்மா இருக்காது, இல்லாத குணத்தை எல்லாம் கண்டுபிடித்துக்கொண்டு வந்து நிற்கும் என்பது பெரிய டாக்டரின் கட்சி. நியாயமான கட்சிதான், அதில் நமக்கு ஒரு சண்டையும் இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் நர்ஸ் பத்து வார்த்தைகளைப் படித்துக் காட்டுவாள், குடிக்க டீ கொடுப்பாள், டீ ஆறுவதற்குள் அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். வார்த்தை நர்ஸ் என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. சுவர் வழியே கேட்டுச் சொல்லிவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அறைக்கும் வேறு வேறு வார்த்தைகள் வைத்திருந்தார்கள். அம்மாவின் அறைக்குக் குடை, ஏணி, நாற்காலி என்று போகும். டிரைவரின் அறைக்குச் சாவி, குதிரை, வாளி.

அதற்கு முன் மூன்று வார்த்தைக்கு மேல் தேறாத அம்மா அன்றைக்குச் சாவி, குதிரை, வாளி என்று தொடங்கிப் பத்தையும் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். தன் அறையில் படித்துக் காட்டிய வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. மார்க் பூஜ்யம். பக்கத்து அறையில் டிரைவர் மீசையைத் தடவியபடி குடை, ஏணி, நாற்காலி என்று அவர் பங்குக்குப் பத்தையும் சொன்னார். அங்கேயும் பூஜ்யம். இரண்டு அறைக்கும் படித்துக் காட்டியவள் ஒருத்தியே என்பதால் வார்த்தை நர்ஸுக்குத்தான் முதலில் உறைத்தது. ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "யார்கிட்ட சொன்னோமோ அவங்கதாம்மா திருப்பிச் சொல்லணும். வேற ஆள் சொன்னா அதைப் போட எடமில்ல" என்றார். அவர் சொன்னதும் சரிதான். சோதனைக்கு விதி இருக்கிறது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவருடைய ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவள், நாள் முழுக்க அடுத்தவர் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து "இப்பத் தெரியுதா, இப்ப?" என்று கேட்கிற வேலை. பதினோரு வருஷத்துக்கு முன் அம்மாவுக்குப் பிடிக்காத ஒருவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள். அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், மகளுக்கும் அதே மூக்கு. அவன் இரண்டே வருஷத்தில் கழன்றுகொண்டான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திரும்பிப் போவது என்று யோசித்தே அவள் மீதி வருஷங்களை ஓட்டிவிட்டாள். அம்மா அடுப்பை எரிய விட்டுவிட்டுத் தெருவில் வழி தெரியாமல் நிற்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்த பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்த அம்மா, "யாரும்மா நீங்க, வீடு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், நல்ல பிள்ளையாக இருக்கிறாயே என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பதினோரு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. அதற்காகத்தான் அவள் இந்தச் சோதனையில் அம்மாவைச் சேர்த்தாள். அம்மா முழுசாகக் குணமாக வேண்டும் என்றெல்லாம் அவள் பேராசைப்படவில்லை. ஒரு தடவை தன்னை யார் என்று தெரிந்து, திட்டி, பிறகு மன்னித்துவிட்டால் போதும்.

இரண்டு பூஜ்யங்கள் விழுந்த அன்று அவள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்து, குனிந்து செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக் கதவு திறந்து டிரைவர் வெளியே வந்தார். ஆறடி ஆள், தடித்த மீசை, பஸ் ஹாரனுக்குப் போட்டியாக ஒரு குரல். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டி பட்டாணி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

பட்டாணி என்று அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றில் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். டிரைவரோ கேட்டதோடு சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த அவருடைய மகன், லிஃப்ட் மெக்கானிக், சங்கடமாக நெளிந்தான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இந்த வாரம் பூரா இப்படித்தான். ரொட்டி வெந்துருச்சா, ரொட்டி வெந்துருச்சான்னு உயிரை எடுக்கறாரு." அவன் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "டேய், லிஃப்ட் மேல ஏறும்போது பெல்ட்டு மாட்டறியா இல்லையா?" என்று அதட்டினார். அவன் அப்பா தினமும் அவனைக் கேட்க நினைத்து, ஒரு நாளும் கேட்காத கேள்வி அது.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. சோதனையில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகக் கூடாது என்று விதி இருந்தது. வார்த்தை நர்ஸுக்கு விஷயம் தெரியும். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வீடு, இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரெல்லாம் மெக்கானிக்கின் கிரீஸ் கைத்தடம். இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக உட்கார வைப்பார்கள். தன் உடம்பு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில் இரண்டு பேருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. டிரைவர் அம்மாவைக் கைகாட்டி, "எனக்கு முதுகு வலிக்கும், தலைகாணி வை" என்பார். அம்மா டிரைவரைக் கைகாட்டி, "எனக்குச் சர்க்கரை போடாதேன்னா கேக்கறியா?" என்பார். கடையில் வாங்கி வந்த ரொட்டியை டிரைவர் திருப்பிப்போட்டு அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்து, வேகவில்லை என்று ஒதுக்கி வைப்பார். எந்த நிறுத்தத்தில் எந்த வயசாளி கைகாட்டுவார், யாருக்காக அரை நிமிஷம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி.

இந்தப் பரிமாற்றத்தில் மெக்கானிக்குக்கு அடித்தது யோகம். அவன் அப்பா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனுஷன். மனைவி போன பிறகு பிள்ளையைத் தனியாக வளர்த்தவர், அவனிடம் மொத்தமாகப் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம். அம்மாவுக்கு வாய் ஓயாது. அதனால் டிரைவர் முப்பது வருஷமாக உள்ளே போட்டுப் பூட்டியிருந்ததெல்லாம் அம்மா வழியாகக் கொட்டத் தொடங்கியது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தமே இல்லாத போதும் பஸ்ஸை மெதுவாக்கி, மைதானத்தில் பையன் விளையாடுகிறானா என்று பார்த்துவிட்டுப் போனது. அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது, லீவு கிடைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதது. முதல் சம்பளத்தில் அவன் வாங்கிக் கொடுத்த சட்டையை, அழுக்காகிவிடுமே என்று போடாமலே வைத்தது. மெக்கானிக் தரையில் உட்கார்ந்து அந்த அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். முதலில் கூச்சப்பட்டு அம்மா என்றுதான் கூப்பிட்டான், பிறகு தன்னை அறியாமலே அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

மகளுக்குத்தான் எதுவும் பிடிகொடுக்கவில்லை. அம்மாவோ அவளை யாரென்று தெரியாமலே கையைப் பிடித்துக் கொஞ்சினார். அவளைத் தெரிந்த டிரைவரோ முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் பொறுக்க மாட்டாமல் அவர் காலடியில் உட்கார்ந்து, அத்தனை வருஷமும் மனப்பாடம் செய்ததை முழுசாகச் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"நீ போனதுக்கு எனக்குக் கோவம் இல்லடி. அவன் விட்டுட்டுப் போனப்புறமும் வரலையே, அதுக்குத்தான்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நம்ம ரொட்டி வண்டி போகாத ஊரு ஏது? வண்டிக்காரன் வந்து சொன்னான். அன்னைக்கே உன் கட்டிலுக்கு உறை மாத்தினேன். அப்புறம் வாரா வாரம் மாத்தினேன். படுக்காத கட்டிலுக்கு எத்தனை வருஷம் உறை மாத்துவா ஒருத்தி?"

அந்தப் பெரிய உள்ளங்கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. மகள் விசும்பி விசும்பி அழுதாள். எதுவும் புரியாத அம்மா எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, யார் பெற்ற பிள்ளையோ என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் சோதனை முடிந்தது. மாத்திரையால் பலன் இல்லை என்று முடிவு வந்தது. இவர்கள் இருவருடைய பூஜ்யங்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. பெரிய டாக்டர் நல்ல மனுஷன், எல்லாக் குடும்பத்தையும் உட்கார வைத்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார். மாத்திரை நின்று ஒரு மாதத்துக்குள், நல்லதோ கெட்டதோ, வந்த மாற்றமெல்லாம் கலைந்துவிடும் என்றும் சொன்னார். மகள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மா சேர்த்து வைத்த கோபம் முழுக்க அந்த மீசைக்காரரிடம் இருக்கிறது. அத்தனையும் தன் மேல் உள்ள கோபம்தான், ஆனால் தன்னைத் தெரிந்த ஒன்று இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிறதென்றால் அது மட்டும்தான். ஒரு டப்பா மாத்திரையாவது கொடு என்று அவள் வார்த்தை நர்ஸிடம் கெஞ்சினாள். எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் அக்கா என்று நர்ஸும் சேர்ந்து அழுதாள்.

அந்த மாதம் முழுக்க மகள் கடையில் யாருக்கும் சரியாக அளவு பார்க்கவில்லை. மாதம் கழிந்து சனிக்கிழமை காலை அம்மாவோடு டிரைவர் வீட்டுப் படியேறினாள். கதவைத் திறந்த டிரைவர் அவளைப் பார்க்காமல் தன் மகனைப் பார்த்துச் சொன்னார். "இந்த ஈரக் காத்துல காதைக்கூட மூடாம என்னைக் கூட்டிட்டு வந்திருக்கா பாரு. அறிவு கெட்டவ." மகள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். பின்னால் கம்ப்யூட்டர் வாயைத் திறந்தபோது, அம்மாவுக்கு அசல் மாத்திரை, டிரைவருக்கு மாவு என்று தெரிந்தது. அதை வைத்து எதுவும் விளங்கவில்லை. மாத்திரை நின்ற பிறகும் ஏன் கலையவில்லை என்று ஆராய யாரும் நிதி ஒதுக்கவும் இல்லை.

அடுத்த வருஷம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்று நாள் மூச்சுத் திணறல், நாலாம் நாள் மத்தியானம் அடங்கிவிட்டார். மெக்கானிக் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தான். அம்மாவின் காலடியில் நின்று, "எங்கப்பா போயிட்டாருக்கா" என்றான். அவன் அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்; ஆனாலும் அவன் சொன்னது உண்மை. மகள் எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்ப்பது போல் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியைத் தன் தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிவிட்டார். "இந்தக் கம்பளி வேண்டாம், கழுத்துல குத்தும்" என்றார். மகள் அதை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியைப் போர்த்தினாள். அப்போதுதான் அவளால் அடக்க முடியாமல் போயிற்று. சுவரோடு சாய்ந்து, கேவிக் கேவி அழுதாள். கடைசி வரைக்கும் மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டாயே என்று அந்த உடம்பைப் பார்த்துச் சொல்லி அழுதாள்.

டிரைவர் எழுந்து வந்தார். அந்தப் பெரிய கையால் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்துக்கு நேரே பார்த்தார்.

"எவளோ செத்த மாதிரி அழாதடி. நான் எங்கயும் போகல. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மெக்கானிக்கையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு பேருக்கும் அவரே பரிமாறினார். அதன்பிறகு அப்பாவும் மகனும் அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். லிஃப்ட் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை துரத்துகிற ஓர் அம்மா அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இல்லை, இப்போது கிடைத்தது. மீசைக்காரம்மா என்று தெருவில் வாண்டுகள் மட்டும் சொல்லும். பெரியவர்கள் அதுவும் சொல்வதில்லை. கடைக்குப் போகிற வழியில் மகளை நிறுத்தி, "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார்கள்.

"நல்லா இருக்காங்க. கொஞ்சம் சளி, அவ்வளவுதான்" என்பாள் மகள்.