மலையாளம் கலந்த ஊசி

ஐம்பத்து நாலில், பாறசாலைக்குக் கிழக்கே ஒரு மிஷன் பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். மலையாளம் ஆண்ட திருவிதாங்கூரை விட்டுத் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலமும், அதற்குப் போலீஸ் தடியடியும் நடந்துகொண்டிருந்த காலம். அந்த ஆடியில் ஆற்றுக்கு அக்கரையில் காலரா வந்தது. ஒரே வாரத்தில் பதினோரு பேர். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு ஊசி போட ஆள் வரும் என்று திருவனந்தபுரத்திலிருந்து பள்ளிக்குத் தபால் வந்தது.

செவ்வாய்க்கிழமை பொன்னப்பனின் சாயாக்கடையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பொன்னப்பா, அந்த மருந்தில மலையாளத்த அரச்சுக் கலக்கியிருக்கு, கேட்டியா? குத்தினா மூணு நாளில தமிழு மறந்துபோவும். பாலராமபுரத்தில ஒரு நெசவுகாரன் குத்திட்டு வந்து, பெஞ்சாதிய விளிக்கத் தெரியாம அடுத்த வீட்டுக்காரிய விளிச்சிருக்கான்."

"உள்ளதா சாறே?"

"நான் என்னைக்கு கள்ளம் சொல்லியிருக்கேன்?"

சாயாவைக் குடித்துவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தேன். கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "கேட்டியளா, ஊசி குத்தினா தமிழு மறக்குமாம்" என்று வாசலிலேயே என் மனைவி சொன்னாள். ஒரு நெசவுக்காரன் அதற்குள் மூன்று பேர் ஆகியிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஊசிக்காரர் வந்து, ஸ்பிரிட் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்தார். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் கை நீட்டவில்லை.

அந்த வகுப்பின் ராஜபாய் டீச்சர் பிரம்பைத் தொடவில்லை, சாக்பீஸை எடுத்தார். "ஆரு ஆருக்குச் சொன்னது? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க மக்கா." பெயர்களை எழுதி அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். தங்கையிடமிருந்து அண்ணனுக்கு, கிணற்றடியிலிருந்து சந்தைக்கு. கரும்பலகை போதாமல் சுவரிலும் எழுதினார்.

"காலராவும் இப்பிடித்தான் நடக்கும். ஒராளு தொடங்கி வைப்பான். அவனுக்கு ஒண்ணும் இருக்காது. சிரிச்சிட்டு நடப்பான்."

அம்புகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் எல்லாம் சாயாக்கடைக்கு வந்தன. பொன்னப்பனின் மகள் ஸ்ரீகுமாரியிடம், "அப்பாவுக்கு ஆரு சொன்னது?" என்று கேட்டார். அவள் எழுந்து, வராந்தாவில் விசிலோடு நின்ற என்னைக் கைகாட்டினாள்.

டீச்சர் என் பெயரையும் எழுதினார்.

"நாலு மணி பஸ்ஸில ஊசிக்காரரு போயிருவாரு. அதுக்கு முந்தி வீடு வீடாப் போய், அது கள்ளமாக்கும்னு சொல்லிட்டு வாங்க சாறே. தாய் தகப்பன் சம்மதிக்காம இந்தப் பிள்ளைகளுக்கு ஊசி போட முடியாது."

ஓடினேன். பொன்னப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "போலீசு மிரட்டிச்சா சாறே? பேடிக்காதேயும். நீரு இப்பம் சொல்லுயத நாங்க ஆரும் நம்ப மாட்டோம்."

அடுத்த ஐந்து வீட்டிலும் அதே ஆறுதல். என் ஆயுசில் நான் சொன்ன முதல் உண்மையை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஏழாவது வீடு, அன்று வகுப்புக்கு வராத வேதமணியுடையது. அவன் அம்மா துணி அலசி நனைந்த கையோடு பின்வாசலிலிருந்து வந்தாள்.

"வெளுப்புக்கே தொடங்கி அவனுக்கு சர்த்தி சாறே, குடிச்ச தண்ணியும் வெளிய வருது. வயித்தால போறது கஞ்சித்தண்ணி போல இருக்கு. நீங்க சொன்னதக் கேட்டு ஊசிக்கு விடாதது நல்லதாப் போச்சு. இந்தக் கிடப்பில அதையும் குத்தியிருந்தா பிள்ளை தாங்குமா?"

வெயிலில் ஓடி வந்திருக்கிறீர்களே என்று, அந்த ஈரக் கையைக் குடத்துக்குள் விட்டு மொண்டு, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் நாலு பேர் அதே டம்ளரில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.