லைசென்சுக்கு ஓர் ஆட்சேபம்

பனி விலகாத விடிகாலை ஐந்து மணிக்கு அங்கப்பன், எஸ்டேட்டுக்குக் கரண்டு தரும் டீசல் எஞ்சினின் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிச் சுழற்றினான். ஐந்தாவது சுற்றில் தோள்பட்டை இற்றுவிடும்போல் வலித்தது. புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் உறுமியது. சரிவுக்குக் கீழே காப்பி அலசும் தொட்டியிலும் அதையடுத்த கூலியாட்களின் லைன் வீடுகளிலும் விளக்குகள் மங்கலாக எரியத் தொடங்கின.

அந்த நொடியில் யாரோ அவன் பின்னால் வந்து நின்றார்கள். ஈரச் சட்டையின் வாடை. அவன் திரும்பவில்லை. திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பது இந்த நாற்பது நாளில் பழகிவிட்டிருந்தது.

தொட்டியில் வேலை பார்த்த மாதையன் நாற்பது நாளைக்கு முன் செத்தது இதே நேரத்தில்தான். தொட்டியின் பம்பு மோட்டாரில் ஒயர் உரிந்து செம்பு தெரிந்தது. "மாத்தோணுமுங்க" என்று அங்கப்பன் இரண்டு தடவை சொன்னான். "சீசன் முடியட்டும்" என்றார் முதலாளி பாலசுப்பிரமணியம். மாதையன் ஈரக்காலோடு மோட்டாரைத் தொட்டான். அலறல் கேட்டு அங்கப்பன் மெயினை அணைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் எஸ்டேட் ஆபீசில், 'மாதையன் குடித்திருந்தான்' என்று ரைட்டர் எழுதிய தாளில் அங்கப்பன் கையெழுத்துப் போட்டான். அங்கப்பனின் பெண்டு பிள்ளைகளும் முதலாளி கொடுத்த லைன் வீட்டில்தானே இருந்தார்கள்.

கிழக்கு வெளுக்கும்போது மாதையன் மனைவி ஆராயி எஞ்சின் அறை வாசலில் வந்து நின்றாள். கூட லாரி டிரைவர் ஜேசுதாஸ்.

"கரடியூர் வரைக்கும் கரண்டு விக்க மொதலாளி லைசென்ஸ் கேட்டிருக்காருங்கண்ணா" என்றான் ஜேசுதாஸ். "இத்தன வருசம் லைசென்ஸே இல்லாமத்தான் நமக்குக் கம்பி இழுத்துருக்காரு. ஆட்சேபம் இருந்தாச் சொல்லலாமுன்னு போஸ்டாபீஸ்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. இன்னிக்கு ஏற்காட்டுல விசாரணை. மாதையன் செத்ததுக்கு ஒயரு காரணமில்லன்னு, நீங்க கையெழுத்துப் போட்ட தாளைத்தான் அங்க காட்டப் போறாரு."

ஆராயி கேட்டாள்: "என்ற ஊட்டுக்காரரு குடிச்சிருந்தாருங்களாண்ணா? அப்பன் குடிச்சுப்போட்டா செத்தாருன்னு எம்புள்ள கேக்குது. நீங்க சொல்றதத்தான் நான் சொல்லோணும்."

அங்கப்பன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இல்ல அம்மிணி. வெறும் வயித்தோட வேலைக்கு வந்தான். நாந்தான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன்."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. "அப்ப அதய அங்க வந்து சொல்லுங்க."

அங்கப்பன் எஞ்சினை நிறுத்தினான்.

பம்பு நின்றதும், தொட்டியில் காப்பி அலசிய பெண்கள் வழுவழுத்த கைகளோடு மேலேறி வந்தார்கள். பின்னாலேயே முதலாளியின் ஜீப்பும் வந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"ஒயரு மாத்தாம ஓட்டமாட்டனுங்க. விசாரணைக்கும் போறனுங்க."

"லைசென்ஸ் வந்தா கரடியூருக்கே வெளிச்சம். அதைக் கெடுக்கறியா?"

"கரடியூர்லயும் பொம்பளைங்க ஈரக்கையோடதானுங்க இருப்பாங்க" என்றாள் ஆராயி.

பாலசுப்பிரமணியம் அவளைப் பார்க்கவில்லை. "போறவங்க நாளைக்கு வீட்டைக் காலி பண்ணணும்."

பெண்கள் தலை குனிந்தார்கள். பிறகு அவர்களில் மருதாயி என்பவள் தன் கையை விரித்தாள். விரல் நுனிகள் கருகியிருந்தன.

"போன மாசம் எனக்கும் அந்த மோட்டார்ல கரண்டு அடிச்சுதுங்க. பயந்துக்கிட்டுச் சொல்லல. நானும் போறேன்."

"எனக்கும் அடிச்சுது" என்றாள் காமாட்சி. "ஏனுங்க மொதலாளி, எத்தன ஊட்டக் காலி பண்ணுவீங்க?"

ஜேசுதாஸ் லாரிச் சாவியை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு முன்னே நடந்தான். இருபத்து மூன்று பேர் பின்தொடர்ந்தார்கள். ஆராயி இரண்டடி முன்னால் போனாள். மாதையன் தன்னை மன்னிப்பானா என்று அவளிடம் கேட்க அங்கப்பனுக்குத் துணிவில்லை. செத்தவன் பதிலை உயிரோடிருப்பவளிடம் கேட்பதும் நியாயமில்லை.

ஏற்காட்டில் விசாரணை அறை வாசலில் பியூன் மறித்தான். "ஆட்சேபம் சொல்ல ஒரு ஆள் போதும்."

"செத்தது ஒரு ஆளு. அடி வாங்கினது நாங்க அத்தன பேருமுங்க" என்று சொல்லி ஆராயி உள்ளே நுழைந்தாள். மற்றவர்களும் நுழைந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். மேசையில் அந்தத் தாள் இருந்தது. அங்கப்பன் அதன்மேல் விரலை வைத்தான்.

"இது பொய்யிங்க. என்ற கையெழுத்துத்தான். உண்மையச் சொல்றேன், எழுதிக்குங்க."

அவன் சொல்லி முடித்ததும் மருதாயி முன்னே வந்தாள். அவளுக்குப் பின் காமாட்சி. கதவுக்கு வெளியேயும் வரிசை நின்றது.

அதிகாரி லைசென்ஸ் மனுவை ஓரமாகத் தள்ளி வைத்தார். குமாஸ்தா பக்கம் திரும்பி, "இன்னும் தாள் எடுத்து வாங்க" என்றார்.