ஆறாம் காம்பராவில் இரண்டு பேர்

மாட்டுப்பட்டியில் வெள்ளைக்காரர்களைத் தங்க வைக்கப் போகிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால் யார் நம்புவது? அந்தப் பட்டியில் இருபது வருடம் சாணி அள்ளியவள் நான். அங்கே காசு கொடுத்துத் தூங்க ஒருத்தன் வருவானா?

சொன்னவர் டொக்டர் குமாரசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் இருந்தவர். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு எங்கள் பண்ணையை வாங்கினார். மடுல்சீமைக்குப் போகிற பாதையில், பஸ்கூட நிற்காத ஒரு வளைவுக்கு மேலே இருக்கிறது அது. ஒரு காலத்தில் அறுபது பசு நின்ற இடம். மாடுகளும் போய், பழைய துரையும் போய், கூரை இல்லாத பட்டியும் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பரா உள்ள வேலையாள் லயமும் அதில் நாலு குடும்பமும்தான் மிஞ்சியிருந்தோம்.

பட்டியோடு விட்டாரா? லயத்தையும் திருத்தி எங்களுக்கே தருகிறாராம். இரண்டு காம்பராவை ஒன்றாக உடைத்து, சமைக்கக் குசினியும் கக்கூசும் உள்ளேயே வைத்து, எங்கள் பேரில் எழுதியும் கொடுப்பாராம். மிஞ்சுகிற காம்பராவில் சுற்றுலாக்காரர்கள் தங்குவார்களாம்.

"நல்ல மனுசனாத்தான் தெரியுது" என்றார் என் வீட்டுக்காரர் மாரிசாமி.

"ஒங்களுக்கு யாருதான் கெட்டவன்? காதுல பூ சுத்துறாரு, நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டு நில்லுங்க" என்றேன்.

மறு வாரம் அவர் கையில் கொப்பியோடு லயத்துக்கு வந்தார். கொப்பியோடு வந்தவன் எவனும் எங்களுக்கு நல்லது எழுதிக்கொண்டு போனதில்லை. பழைய துரை காலத்தில் கணக்கப்பிள்ளை வருவார். பேர் பதியாத ஆள் காம்பராவில் இருந்தால் அன்றைக்கே சட்டி பானை வெளியே வரும். தொண்ணூற்றாறில் சண்டை நேரத்துச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்களும் கொப்பியோடுதான் வந்தார்கள். பதிவில்லாத பையன் என்று என் மகன் ஜெயகுமாரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் கழித்து வந்தவன் ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. அதிலிருந்து என் வீட்டில் ஒரே சட்டம்: யார் கேட்டாலும் இங்கே இரண்டே பேர்.

ஆனால் இருந்தது ஆறு பேர். கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு ஜெயகுமார் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்துவிட்டான். எங்கள் ஆறாம் காம்பராவுக்குப் பக்கத்து ஏழாம் காம்பரா காலியாகக் கிடந்தது. முன்கதவில் பூட்டைத் தொங்கவிட்டு, நடுச்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு உடைத்து, அதில் ஒரு படங்குச்சாக்கை மாட்டிவிட்டேன். பேரப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவைக்கூட மருமகளின் தாய் வீடு இருக்கிற பூனாகலை விலாசத்தில்தான் போட வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

டொக்டர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்று கேட்டார். "எத்தினை பேர் இருக்கிறீங்கள்?"

"நானும் அவரும்தாங்க."

"பிள்ளையள்?"

"ஒரு மகன். லுணுகலையில இருக்கான்."

அந்த நேரம் பார்த்துச் சாக்குக்குப் பின்னால் சின்னவள் இருமினாள். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடு இருமுதுங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடவில்லை. "அம்மா, இதை வச்சுத்தான் வீடு பிரிக்கப்போறன். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

பார்த்தீர்களா, தூண்டிலில் புழு மாட்டுகிறார் என்று நினைத்தேன். "யோசிக்க என்னாங்க இருக்கு? ரெண்டு பேருதான்" என்று அடித்துச் சொன்னேன்.

மூன்றாம் காம்பரா பொன்னையா மடையன் மாதிரி உள்ளதை எல்லாம் ஒப்பித்தான். தன் மகன் குடும்பம் தனியாகச் சமைக்கிறது என்றுகூடச் சொன்னான். அவனை அன்று சாயங்காலம் நான் ஏசாத ஏச்சில்லை.

வேலை தொடங்கியது. எல்லாரும் பட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு இருந்தோம். மருமகளையும் பிள்ளைகளையும் பூனாகலைக்கு அனுப்பினேன். ஜெயகுமார் மேசன் வேலைக்குச் சேர்ந்தான். லுணுகலையிலிருந்து வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன், சொன்னான். பட்டிக்கு ஓடு ஏறியது. லயத்துச் சுவர்கள் உடைந்தன. நான் ஒவ்வொரு நாளும் எங்கே ஏமாற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மாதம் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் டொக்டர் எல்லாரையும் கூப்பிட்டு வீட்டு உறுதிப் பத்திரமும் கதவுத் திறப்பும் கொடுத்தார். பொன்னையாவுக்கு ஒரு வீடு, அவன் மகனுக்கு ஒரு வீடு, இராசையாவுக்கு ஒன்று, பெரியாயிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. உறுதியில் மாரிசாமி, கலாராணி என்று எங்கள் இரண்டு பேருடைய பேரும் இருந்தது. முத்திரை குத்திய நிஜமான உறுதி. ஐந்து குடும்பத்துக்குப் பத்துக் காம்பரா தீர்ந்தது, மிஞ்சிய இரண்டிலும் சுற்றுலாக்காரர்களுக்குக் கட்டில் போட்டாயிற்று.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாரும் போகும்வரை நின்றேன்.

"ஐயா, எம் மகனுக்கு வீடு இல்லீங்க. அவன் பெண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. எல்லாம் எங்களோடதான் இருந்தாங்க."

"மேசன் வேலை செய்யிற ஜெயகுமாரோ? அவர் லுணுகலை எண்டுதானே சொன்னவர்."

"நாந்தாங்க சொல்லச் சொன்னேன். பொய்யிங்க."

"பிள்ளையளின்ர பதிவில இந்த விலாசம் இருக்கோ?"

"இல்லீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. பத்து மாதமாக நான் அவரைப் பார்த்தது அப்படித்தான்.

"அம்மா, வீடு முடிஞ்ச பிறகு இப்பிடி நாலு பேர் வந்து கேட்டிட்டினம். நான் அண்டைக்கு ரெண்டு தரம் கேட்டனான். அது பொய் எண்டா, இது உண்மை எண்டு நான் எப்பிடி நம்புறது?"

அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. காலில் விழப் போனேன், பதறிப் பின்னால் போய்விட்டார். "பட்டிப் பக்கம் இனிக் கட்டினா யோசிப்பம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஜெயகுமார் எங்கள் புது வீட்டு இஸ்தோப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தரைக்குச் சீமெந்து பூசியவன் அவன்தான்.

"நம்மளோடயே இருங்கய்யா. ரெண்டு ரூம் இருக்கு. யாரு கேட்டா என்னா, விருந்தாளின்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எம் புள்ளைங்க இருமுறப்ப வாயப் பொத்திக்கிட்டு வளந்தது போதும்மா" என்றான்.

மறுநாள் காலை பஸ்ஸில் பூனாகலைக்குப் போய்விட்டான். இரண்டு அறையையும் நான்தான் தினமும் கூட்டுகிறேன்.